இருபத்தொரு இருட்டுப் படங்களும் எட்டு வாளி மணலும்

திருத்தங்கல்,
திங்கட்கிழமை, முதல் காப்பிக்கும் இரண்டாம் காப்பிக்கும் இடைப்பட்ட நேரம்.

சென்னை மாநகரிலே, லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் மூன்றாம் மாடியிலே கொலுவீற்றிருப்பவனும், என் தங்கை குருவம்மாள் பெற்றெடுத்த ஒற்றை ரத்தினமும், ஊரார் எடுத்த படங்களை வெட்டி ஒட்டிச் சம்பளம் வாங்கும் எடிட்டருமாகிய மருமகன் சிரஞ்சீவி எழிலுக்கு, வெளிச்சம் திரைப்படக் கழகத்தின் நிறுவனரும் தலைவரும் பொதுச்செயலாளரும், ஆள் வராத நாளில் நாற்காலி அடுக்குபவருமாகிய மாமன் செல்லப்பாண்டி ஆசி கூறி எழுதுவது என்னவென்றால், இவ்விடம் நான், உன் அத்தை பாண்டிமீனா, என் மீசை ஆகிய மூவரும் நலம். மீசையை எதற்காகத் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப் போக உனக்கு விளங்கும். அவ்விடம் உன் நலத்தையும், உன் அம்மாவின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் 'மருமகனே' என்று ஆரம்பித்து மூச்சு வாங்குவதற்குள் "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. எவ்வளவு பெரிய எடிட்டராக இருந்தாலும் மாமன் எழுதியதை நடுவில் வெட்ட உனக்கு அதிகாரமில்லை. ஆகவே உட்கார். தண்ணீர் குடித்துக்கொள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் பூட்டி, ஊரே கையைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு மாதத்துக்காகத்தான் கழகத்தை நான் தோற்றுவித்தேன். சரித்திரம் இதை ஒருநாள் தங்க மையில் அச்சடிக்கும். போன வருஷம் பேய்ப் படங்களாகப் போட்டோம், பேய்களைப் பார்த்து எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். இந்த வருஷம் என்ன போடலாம் என்று பொதுக்குழுவைக் கூட்டினேன். முத்துமாரியம்மாள் எழுந்தாள். முப்பது வருஷமாகப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள், அவள் பேச எழுந்தால் பிளாஸ்டிக் நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்காரும். "அண்ணே, வருசம் பூரா வெளிச்சமாச் செஞ்சு செஞ்சு கண்ணு அலுத்துப் போச்சு. ஒரு மாசமாவது எங்களுக்கு இருட்டக் காட்டுங்க" என்றாள். அதற்கு எழுந்த கைதட்டல் விருதுநகர் ஜங்ஷன் வரை கேட்டு, அங்கே ஒரு கூட்ஸ் வண்டி தனக்குத்தான் ஏதோ பாராட்டுவிழா என்று நினைத்துப் பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனதாம்.

அதன் பேரில்தான் உன்னைக் கேட்டேன். நீ 'நுவார்' என்றாய். 'நியோ நுவார்' என்றும் ஒன்று இருக்கிறது என்றாய். நீ அரைமணி நேரம் விளக்கியதை நான் பொதுக்குழுவில் அரை நிமிஷத்தில் விளக்கினேன்: மழை பெய்யும், தொப்பி போட்ட ஒருத்தன் வருவான், அவன் நல்லவனா கெட்டவனா என்பது அவனுக்கே தெரியாது, ஒரு பெண் வந்து உதவி கேட்பாள், அவளை நம்பி அவன் கெட்டுப்போவான், இதெல்லாம் கறுப்பு வெள்ளையில் நடந்தால் நுவார். அதே ஆள், அதே மழை, கலரில் செல்போனோடு வந்தால் நியோ நுவார். "அப்ப எங்க வீட்டுக்காரரு நியோ நுவார்தான். மழை மட்டுந்தான் இல்ல" என்றாள் முத்துமாரியம்மாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நீ அனுப்பிய ஹார்டு டிஸ்க் பத்திரமாக வந்து சேர்ந்தது. இருபத்தொரு படங்கள். தலைப்புகளைச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தலைப்பில் கட்டுப்பல் கழன்று காப்பிக்குள் விழுந்தது. ஆகையால் பெயர்களை ஒழித்துவிட்டு எண்களாக்கச் சொன்னேன். நான் வேலை பார்த்த அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற முனியராஜ்தான் நம் கழகத்தின் புரொஜெக்டர் அதிகாரி. அவன் ஒன்று முதல் இருபத்தொன்று வரை எழுதி, நடுவே 'ஆறு ஏ', 'ஆறு பி' என்று என்னென்னவோ கிறுக்கி வைத்தான். கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது ஒரு வியாதி, நான் கண்டுகொள்ளவில்லை.

கூடம் கிடைத்தது ராஜபாண்டியன் தயவில். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்துச் சம்பாதித்து, இங்கே கல்யாண மண்டபம் கட்டியவர். ஏசி போட்டுப் புதுச் சாப்பாட்டுக் கூடம் கட்டியபின் பழைய கூடம் சும்மா கிடந்தது. நாலு பக்கமும் கதவு, பகல் மூணு மணிக்கு ஜன்னல் வழியே சூரியன் நேராக உள்ளே வந்து உட்காரும். இருட்டுப் படத்துக்கு இருட்டு வேண்டுமே. அச்சகத்தில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களை முனியராஜ் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஜன்னல்களில் ஒட்டினான். மை தள்ளி விழுந்ததால் வீணான தாள்கள். ஆக, ஒவ்வொரு ஜன்னலிலும் பன்னிரண்டு லட்சுமி, ஒவ்வொருத்திக்கும் நாலு கண். உலகத்திலேயே நூற்றுக்கணக்கான மகாலட்சுமிகள் கடாட்சிக்க நுவார் பார்த்த ஒரே ஊர் நம்முடையதுதான்.

முதல் ஞாயிறு. எழுபத்திரண்டு பேர். ஒன்றாம் எண் படம். மழை பெய்தது, எல்லாரும் பாராட்டினார்கள். தொப்பிக்காரன் வந்தான். பெண் வந்தாள். உதவி கேட்டாள். தொப்பிக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்து, வாயில் ஒரு சிகரெட்டை வைத்து, ஒரு தீக்குச்சியை எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தில் 'சர்'ரென்று உரசினான்.

மருமகனே, நான் அறுபத்து மூன்று வருஷமாக இந்த உலகத்தைப் பார்க்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கத்தலில்லை, தள்ளுமுள்ளில்லை, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்கவில்லை. எழுபது பேர் நாலு கதவு வழியாக, கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள், ஊதிவிட்ட பஞ்சுபோலக் காணாமல் போனார்கள். கூடத்தில் மிஞ்சியது நான், முனியராஜ், திரையில் வாயைப் பிளந்து நிற்கும் அந்தத் தொப்பிக்காரன். வெளியே போய்ப் பார்த்தால் எழுபது பேரும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கிறார்கள், அழகுமீனா தலையை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அழகுமீனா யாரென்றால், இங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலையை மேற்பார்க்கும் ஃபோர்மேன். இருபத்தேழு வயசு, அவளைக் கண்டால் மத்தாப்புகூடச் சிரிக்கப் பயப்படும். "எழுபது. ரெண்டு கொறையுது. உள்ள யாரு?" என்றாள். "நாந்தான்மா, முனியராஜும் இருக்கான்" என்றேன். "ஏன் ஓடல பெரியப்பா?" என்று என்னைத்தான் அதட்டினாள்.

சமாதானம் சொல்லி உள்ளே கூட்டிவந்தேன். உட்கார்ந்தார்கள். தொப்பிக்காரன் அடுத்த சிகரெட்டை எடுத்தான். மறுபடி வேப்பமரம். மறுபடி எண்ணிக்கை. இந்த வகைப் படங்களில் மனிதர்கள் மூச்சு விடுவதற்குப் பதிலாகத்தான் சிகரெட் குடிக்கிறார்கள் என்பதை நீ எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? கதவைத் திறக்கும் முன் ஒன்று, மூடிய பின் ஒன்று, பொய் சொல்ல ஒன்று, உண்மை சொல்ல இரண்டு. நாலாவது ஓட்டத்தில் என் செருப்பு அறுந்தது. ஏனென்றால் மூன்றாவது ஓட்டத்திலிருந்து நானும் ஓட ஆரம்பித்துவிட்டேன். பழக்கம் தொற்றும்.

இதற்குத் தலைவன் என்ற முறையில் நான் ஒரு மகத்தான யோசனை கண்டேன். நீ மட்டும்தான் எடிட்டரா? முனியராஜை உட்காரவைத்து, நாலாம் எண் படத்தில் நெருப்பு வருகிற இடங்களையெல்லாம் வெட்டச் சொன்னேன். ஒன்றே முக்கால் மணி நேரப் படம். வெட்டி முடித்தபோது பதினோரு நிமிஷம். சிகரெட்டை எடுத்துவிட்டால் இந்த வகைப் படத்தில் மிஞ்சுவது மழையும் தொப்பியும்தான். இரண்டாம் ஞாயிறு அதைப் போட்டோம். ஒருத்தன் கதவைத் திறந்தான், ஒருத்தி அழுதாள், ஒருத்தன் செத்துக் கிடந்தான், மழை பெய்தது, சுபம். அதற்குள் அடுப்பில் வைத்த டீகூடக் கொதிக்கவில்லை. "அண்ணே, இது படமா, படத்துக்கு விளம்பரமா?" என்று முத்துமாரியம்மாள் கேட்டாள்.

அன்றுதான் ராஜபாண்டியன் என்னை மண்டப வாசலில் நிறுத்தினார். வாயில் பாக்கு, கண்ணில் கோபம்.

"அண்ணாச்சி, என்ன கூத்து இது? மொத வாரம் வெள்ளத்துணியில எரியிற நெருப்புக்குப் பயந்து ஓடுனீக. ரெண்டாவது வாரம் படமே ஓடிருச்சு. மதுரையில இருந்து ஒருத்தர் நைட்டிக் கண்காட்சி போடணும்னு கூடத்தக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"ராஜபாண்டியன், கலைக்காக..."

"கலையெல்லாம் சரிதான். வர்ற ஞாயித்துக்கெழம முழுப் படம் போடுங்க. முழுசா, வெட்டாம. படம் முடியிற வரைக்கும் நாப்பது பேரு நாக்காலியில இருக்கணும். இருந்தாக்க இந்தச் சீசன் பூரா கூடம் உங்களுக்கு. இல்லன்னா நைட்டி."

அப்போதுதான் எனக்குள் இருந்த பாண்டிய மன்னன் எழுந்தான். "நாற்பது பேர் கடைசிவரை உட்காராவிட்டால் இந்தச் செல்லப்பாண்டி மீசையை எடுத்துவிட்டுத் தெருவில் நடப்பான்" என்று நாலு கதவும் அதிர முழங்கினேன். உன் அத்தை அங்கேதான் நின்றாள். "ஏங்க, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. முப்பத்தஞ்சு வருசமா அந்த மீசைக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. இருக்கதப் பாத்துப் பயந்துரப் போறேன்" என்றாள்.

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பயம் வந்தது. மீசைக்காக அல்ல, என்னை நம்பு. வருஷம் பூரா அறைக்கு நாலு பேராக வாய் பேசாமல் வேலை பார்க்கிற சனம், ஒரே கூடத்தில் எழுபது பேராகச் சேர்ந்து உட்கார்ந்து இவன் திருடன், அவள் பொய்க்காரி என்று சத்தமாகச் சொல்கிற இடம் இந்த ஒன்றுதான். அதை நைட்டிக்குக் கொடுப்பதா? ஆகவே மிச்சமிருக்கும் படங்களில் நெருப்பில்லாத ஒன்றைத் தேடும் தேர்வுக் குழுவை அமைத்தேன். நான் தலைவர், முத்துமாரியம்மாளும் அழகுமீனாவும் உறுப்பினர்கள். நம் வீட்டு டிவியில் நாலு நாள் இடைவிடாமல் பார்த்தோம். அழகுமீனா கம்பெனியில் வைத்திருப்பது மாதிரியே ஒரு நோட்டு போட்டுக்கொண்டாள். உரசிய குச்சி எத்தனை, அணைத்த சிகரெட் துண்டு எத்தனை, அணைக்காத துண்டு எத்தனை, அறைக்குக் கதவு எத்தனை என்று கட்டம் கட்டமாக. கொலை எத்தனை என்று ஒரு கட்டம் போடச் சொன்னேன். "அது போலீஸ் பாத்துக்கிரும்" என்றாள்.

முடிவைக் கேள். ஒன்பதாம் எண் படத்தில் வில்லன் வெடிமருந்து அடுக்கிய கிட்டங்கியில் ஒரே ஒரு கதவு வைத்திருந்தான். அதுவும் உள்பக்கமாகத் திறக்கிறது. "லைசென்ஸ் கேன்சல்" என்று எழுதிவிட்டுப் படத்தை நிறுத்தினாள். பன்னிரண்டாம் எண்ணில் ஒருத்தன் எரிகிற துண்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மாடியேறிப் போனான். அதற்குப் பிறகு துரோகம், காதல், இரட்டைக் கொலை, ரயிலில் துரத்தல் எல்லாம் நடந்தன. முத்துமாரியம்மாள் ஒன்றையும் பார்க்கவில்லை. "அந்தக் கூடை என்னாச்சுன்னு காட்டச் சொல்லுங்க. அந்தக் கூடை என்னாச்சு?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். படம் முடிந்து வீட்டுக்குப் போனவள், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணி, "அண்ணே, கூடை பத்தி எதுவும் தெரிஞ்சுச்சா?" என்றாள். பதினேழாம் எண்ணில் எனக்கு நம்பிக்கை துளிர்த்தது. நியோ நுவார், கலர்ப் படம். கதாநாயகன் சிகரெட்டை விட்டுவிட்டானாம், சூயிங்கம் மெல்லுகிறான். ஒரு மணி நேரம் ஒரு பொறியில்லை. நான் எழுந்து நின்று உன்னை வாழ்த்தினேன். வாழ்த்தி உட்கார்வதற்குள் அவன் பெட்ரோல் பங்குக்குப் போய், வேண்டாம், அதை நான் எழுத மாட்டேன். இருபத்தொன்றும் ஃபெயில்.

புதன்கிழமை மதியம், கடைசிப் படமும் ஃபெயிலானதும், நான் ஆற்றாமையில், "ஏம்மா, அது வெறும் சினிமா நெருப்புதானே, தெரிந்தும் எதுக்கு ஓடணும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

முத்துமாரியம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "பதினோரு வருசத்துக்கு முந்தி, பக்கத்து ரூம்ல 'சுர்'ருனு ஒரு சத்தம் அண்ணே. அம்புட்டுத்தான். நான் ஓடிட்டேன். எங்கூட இருந்த புள்ள, தூக்குவாளிய எடுக்கத் திரும்புனா. புதுத் தூக்குவாளி. மூணு மாசம் ஆசுபத்திரியில கெடந்து வந்தா. இப்ப நல்லாருக்கா, பேரன் எடுத்துட்டா. ஆனா அன்னைக்கு ஒண்ணு படிச்சுக்கிட்டேன். இது நெசமா பொம்மையான்னு நின்னு பாக்குறதுக்கெல்லாம் நமக்கு நேரம் கெடையாது. காலு மொதல்ல போயிரணும். புத்தி பின்னால வந்து சேந்துக்கிரட்டும்."

  உன் அத்தை அவளுக்கு இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றினாள்.

அழகுமீனாதான் நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: "பெரியப்பா, கொறை படத்துல இல்ல. கூடத்துல வாளி இல்ல. மணல் வாளி இல்லாத ரூம்ல எங்களுக்கு உக்காரத் தெரியாது."

ஆகா! நாலு நாளாக நான் தேடியது இருபத்தொரு படங்களில் ஒன்றை. தேட வேண்டியிருந்தது வாளியை!

நேற்று, மூன்றாம் ஞாயிறு. மதியம் ஒரு மணிக்கே வேலை தொடங்கியது. எட்டுச் சிவப்பு வாளிகள், கழுத்து முட்ட ஆற்று மணல். நாலு தொட்டித் தண்ணீர். கதவுகளின் தாழ்ப்பாளையே கழற்றியாயிற்று. வாசலில் ஒரு செப்புத் தகடு, உள்ளே வருகிறவர்கள் கம்பெனியில் செய்வதுபோல அதைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். செருப்பு வெளியே. செல்போன் வெளியே. உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று கம்பெனி அறைகளில் எழுதுவதுபோல, கதவுக்கு மேலே முனியராஜ் பெரிய எழுத்தில் 'ஆள் 80' என்று எழுதினான். பருத்தித் துணி மட்டுமே அனுமதி. ராஜபாண்டியன் பளபளவென்று ஒரு சட்டையில் வந்தார். அழகுமீனா கையை நீட்டி மறித்தாள்.

"அண்ணாச்சி, இது நைலான் கலந்த துணி. உரசுனாப் பொறி வரும், உள்ள விட முடியாது."

"ஏம்மா, இது என் மண்டபம்!"

"மண்டபம் உங்களது. சட்டை உங்களோட சேத்து எல்லாரையும் கொல்லும். மாத்திட்டு வாங்க."

மனிதர் வீட்டுக்குப் போய்ப் பனியனும் கதர்த் துண்டுமாகத் திரும்பி வந்து, கோயில் மணியைத் தொடுகிற பக்தியோடு செப்புத் தகட்டைத் தொட்டு, முதல் வரிசையில் முத்துமாரியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மீசையைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். இருபத்தொன்றில் குறைந்த பாவம் செய்தது ஆறாம் எண் என்று அழகுமீனாவின் நோட்டு சொன்னதால் அதையே போட்டோம்.

ஏழாவது நிமிஷம் தொப்பிக்காரன் குச்சியை உரசினான். கூடத்தில் அறுபத்தெட்டுப் பேர். அறுபத்தெட்டு உடம்பும் நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழுந்தன. அறுபத்தெட்டுத் தலையும் திரைக்குக் கீழே வரிசையாக நின்ற வாளிகளைப் பார்த்தன. அரை அங்குலம் இறங்கி உட்கார்ந்தன. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மிளகாய் மண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்ததால் என்று சொல்லிச் சமாளித்தேன். முத்துமாரியம்மாள் ஒரு வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். தொப்பிக்காரன் சிகரெட் துண்டைத் தரையில் எறிந்தபோது ஒரு கை மணலை அள்ளித் திரைக்குக் கீழே வீசி, "ம், இப்பப் பேசுப்பா" என்று அவனுக்கு உத்தரவு கொடுத்தாள். அவனும் பேசினான். மொத்தம் முப்பத்தொன்பது கை மணல். ஒன்றுகூடத் தவறவில்லை.

அதற்குப் பிறகு படம் பார்த்தார்கள் பார், அப்படிப் பார்த்தார்கள்! பிணத்துக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி கிடந்தது, போலீஸ் ஓட்டல்காரனைப் பிடித்தது. சாத்தூரிலிருந்து நாலு தீப்பெட்டிக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். "அது மெழுகுக் குச்சி. ஓட்டல்காரன் வச்சிருக்கது மரக்குச்சி. அவனப் போயிப் பிடிச்சுட்டுப் போறாகளே, கூறுகெட்டவங்க" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்த உண்மையைக் கண்டுபிடிக்கத் தொப்பிக்காரனுக்கு மேற்கொண்டு நாற்பது நிமிஷமும் இரண்டு அடியும் தேவைப்பட்டன. கடைசியில் பாலத்தின் மேல் அந்தப் பெண் நிற்கிறாள். மழை. கையில் ஒரு சாவி. தொப்பிக்காரன் நெருங்குகிறான். அவள் திரும்பி அவனைப் பார்க்கிறாள். திரை இருண்டது.

 அறுபத்தெட்டுப் பேரும் நாற்காலியில்!

நான் மேடை ஏறினேன். நாற்பது நிமிஷம் பேசினேன். கொலைகாரன் யார் என்று சொல்லாமல் விட்டதுதான் இந்தக் கலையின் சிகரம், அந்த இயக்குநர் கேள்வியை நம் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டான், வாழ்க்கையும் இப்படித்தான் பாலத்தின் நடுவில் நிற்கும் என்றெல்லாம் பொழிந்தேன். ராஜபாண்டியன் கையைத் தூக்கினார். "அண்ணாச்சி, அந்தச் சாவி என்னாச்சு?" "சாவி தொலைந்தால்தான் கலை, ராஜபாண்டியன், கிடைத்துவிட்டால் அது பூட்டு ரிப்பேர்" என்றேன். கூடம் அதிர்ந்தது. கைதூக்கி வாக்கெடுத்ததில் முத்துமாரியம்மாள் கட்சிக்கு முப்பத்தொன்பது ஓட்டு விழுந்து, அந்தப் பெண்தான் கொலைகாரி என்று தீர்ப்பாகி, பத்து வருஷம் கடுங்காவலும் விதித்தோம். ராஜபாண்டியன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சீசன் பூரா கூடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மருமகனே, கழகம் பிழைத்தது, கூடம் பிழைத்தது, மீசை பிழைத்தது. இனி எத்தனை சிகரெட் உள்ள படமானாலும் தைரியமாக அனுப்பு, மணலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பன்னிரண்டாம் எண் படத்தில் அந்தக் குப்பைக்கூடைக்கு என்ன ஆயிற்று என்று படம் எடுத்தவர்கள் யாரையாவது தெரிந்தால் விசாரித்து எழுது; முத்துமாரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அம்மாவின் முழங்கால் நிமிரட்டும். உன் கட்டடத்து லிஃப்ட் உயிர்த்தெழட்டும். நீ வெட்டுகிற படங்கள் நூறு நாள் ஓடட்டும். வெட்டி எறிந்த துண்டுகள் வேறு யார் கையிலும் சிக்காதிருக்கட்டும். அத்தை உனக்குக் கருப்பட்டி மிட்டாய் தனியாக அனுப்புகிறாள், பாதி வழியிலேயே நான் சாப்பிட்டுவிடாமல் இருக்க அதைப் பூட்டி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மீசையும் மானமும் சேதமின்றி,
உன் மாமன் செல்லப்பாண்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது ராஜபாண்டியன் பனியனோடு வீட்டுக்குள் வந்தார். கண் சிவந்திருந்தது. "அண்ணாச்சி, ராத்திரி பூரா உறக்கமில்ல. அவ எதுக்கு அந்தச் சாவிய வச்சுக்கிட்டு நின்னா?" என்றார். நான் கலை என்று வாயெடுப்பதற்குள், ஹார்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்த முனியராஜ், "அது ஆறு பி-யில வரும்ணே. நேத்து ஓட்டுனது ஆறு ஏ. பாதிப் படந்தான். மீதியப் போடுறதுக்குள்ள நீங்க மேடை ஏறிட்டீக" என்றான். அந்தக் கணத்தில் நம் வீட்டில் நிலவிய இருட்டை நீ அனுப்பிய எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. தேர்வுக் குழுவும் ஏ-யை மட்டும்தான் பார்த்திருக்கிறது. ராஜபாண்டியன் நெடுநேரம் என் மீசையையே பார்த்தார். பிறகு ஹார்டு டிஸ்க்கை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு, "நைட்டிக்காரருக்கு வர வேணாம்னு போன் போட்டுர்றேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் எவனும் இதப் பாக்கக் கூடாது, இது எம் பீரோவுல இருக்கும். அன்னைக்கு எனக்கும் ஒரு வாளி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, மேலே நான் முடிவைப் பற்றி, கலையைப் பற்றி, பாலத்தையும் வாழ்க்கையையும் பற்றி எழுதிய பகுதி முழுவதையும் படிக்காமல் விட்டுவிடு. அந்தப் பெண் நிரபராதியா என்பதை மட்டும் மறு தபாலில் இரகசியமாக எழுது, தண்டனையை ரத்துசெய்ய நான் இன்னொரு நாற்பது நிமிஷம் தயாரிக்க வேண்டும். மற்றபடி, முழுப் படம் ஓடாததால் சபதப்படி மீசை போக வேண்டும் என்றும், ஆனால் பாதிப் படம் ஓடியிருப்பதால் பாதி மீசை போனால் போதும் என்றும் உன் அத்தை தீர்ப்பளித்து, கத்திரிக்கோலோடு பக்கத்தில் நிற்கிறாள். இடப்பாதியா வலப்பாதியா? நீதானே எடிட்டர், சீக்கிரம் சொல்.